டிக்கெட்டின் பின்பக்கம்

தவளக்குப்பத்தில் ஏறி ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன்.
டிக்கெட்டின் பின்பக்கம் 23 என்று கிறுக்கி
அடியில் ஒரு கோடும் இழுத்துத் தந்தார் கண்டக்டர்:
"பேலன்ஸ் எறங்கும்போது வாங்கிக்குங்க."
மீதி என்று சொல்லியிருந்தால்
கண்ணை மூடித் தூங்கியிருப்பேன்.

மடியில் கேஸ் கட்டு.
மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு
இங்கிலீஷில் வருவதைத் தமிழில் போடுகிற வேலை எனக்கு.
பதினோராவது பத்தியில் இதே சொல்தான்
காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.
தடையாணை கேட்கிற எல்லோருக்கும்
பேலன்ஸ் தங்கள் பக்கம்தான் சாயும்.
சாய்ந்த பிறகு அது எப்படி பேலன்ஸ் என்று
வக்கீலும் கேட்டதில்லை, ஜட்ஜும் கேட்டதில்லை.
சமநிலை என்று எழுதிவிட்டு
டீ குடிக்கப் போய்விடுவேன்.

இன்று முடியவில்லை.
முன்சீட்டுப் பையன் போனில் சொல்கிறான்,
"அக்கவுண்ட்ல பேலன்ஸ் இல்லடா, நீ போட்டு வுடு."
கிருமாம்பாக்கத்தில் ஏறியவர் பக்கத்து ஆளிடம்
காதுக்குள்தான் பேலன்ஸ் இருக்கிறதாம் என்று
டாக்டர் சொன்னதைச் சொல்லி
காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்,
விழுந்துவிடப் போகிறதுபோல.
மீன்கூடைக்காரி செல்லில் மகளை விரட்டுகிறாள்:
"பேலன்ஸ் சோத்துல தண்ணி ஊத்துனியா, இல்லியா?"

எங்களுக்கு ஒரு சொல் போதாது.
தட்டில் கிடந்தால் மீதி.
கையில் நின்றால் மிச்சம், அதில் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு.
பாக்கி என்றால் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றாமல் நிற்கிறார்கள்.
நிலுவைக்கு அரசாங்க முத்திரை வேண்டும்.
எச்சமோ
இலக்கணத்தில் முடியாத வினை,
கோர்ட் வேப்பமரத்தடியில்
என் ஸ்கூட்டி சீட்டின் மேல் வெள்ளையாக.

வாதி அஞ்சலாட்சி, பிரதிவாதி தம்பி கலியமூர்த்தி.
பதினைந்து பவுன் பேசி ஏழு போட்டார்கள்.
முப்பத்தோரு வருஷம் கழித்து
தேவனாம்பட்டினத்து மனையை விற்காதே என்று
தடை கேட்கிறாள் அக்கா.
ஆதாரம் அப்பாவின் கணக்கு நோட்டு, ஒரு பக்கம், ஜெராக்ஸ்.
ஒரு சொல், பிறகு 'எட்டு பவுன், பொங்கலுக்கு'.
எந்தப் பொங்கல் என்று எழுதவில்லை.
அந்த முதல் சொல்லில் நடு எழுத்து மை பரவிக் கிடக்கிறது.
வக்கீல் அதற்கும் பேலன்ஸ் போட்டுக் கடந்துவிட்டார்.
நான் மூன்று நாளாகப் பார்க்கிறேன்.
ஒரு பக்கம் வெளிச்சத்தில் கொடை மாதிரி இருக்கிறது.
கொடை என்றால் கலியமூர்த்தி ஜெயிக்கலாம்;
கொடுத்தது கொடுத்ததுதான்,
கொடுக்காததைக் கேட்க முடியாது.

முள்ளோடையில் போலீஸ் ஏறி
ரெண்டு பையை முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஒடித்துத் திரும்ப
நாங்கள் எல்லோரும் எதையாவது பிடித்தோம்.
கண்டக்டர் மட்டும் எதையும் பிடிக்காமல்
உள்ளங்கையில் காசு எண்ணிக்கொண்டு நின்றார்.
இதை என்னவென்று பெயர்ப்பது?

போஸ்டாபீஸ் ஸ்டாப்பிங்.
இருபது ரூபாயை விரலிடுக்கில் நீட்டி
பையைக் குலுக்கிக் காட்டினார்.
"மூணு ரூவா கொறையுதுங்க."

இறங்கியவள் ரோட்டோரத்திலேயே கட்டைப் பிரித்தேன்.
கொறை. கொறை எட்டு பவுன்.
மீதி என்றோ பாக்கி என்றோ எழுதத் தெரியாதவர் இல்லை,
மேல் வரியிலேயே
'வட்டிக்கடை பாக்கி' என்று தெளிவாக இருக்கிறது.
மகளுக்கு மட்டும் வேறு சொல்.

பஸ் பழைய பாலம் பக்கம் போய்விட்டது.
டிக்கெட்டின் பின்பக்கம் இருபத்து மூன்று அப்படியே நிற்கிறது.
அந்த மூன்று ரூபாயை நான் கேட்கவில்லை.
அஞ்சலாட்சியும்
முதல் பத்து வருஷம் கேட்கவில்லை.